காப்பில கலந்தது

அக்கா, தூங்கிட்டியா? பக்கத்துல சித்தப்பா படுத்திருக்காரு, பேச முடியாது. அதான் டைப் பண்றேன். பயமா இருக்கு.

விடிஞ்சதும் அம்மாவ மனநல ஆஸ்பத்திரில சேக்கறதா இருந்தாங்க. உனக்குப் பரீட்சையாம், சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு.

நீ ஹாஸ்டலுக்குப் போனப்புறம் அம்மா அம்மாவாவே இல்லக்கா. நம்ம இஸ்திரிக் கடை அனல்லயும் ஸ்வெட்டரோட நடுங்குவா. பெட்டிய சட்டை மேல வச்சுட்டு அப்படியே நிப்பா. பொசுங்கற வாடை வந்தாலும் எடுக்க மாட்டா. முகமெல்லாம் ஊதிடுச்சு. அப்பாவ 'அவரு'ன்னு சொல்ற வாய், இப்ப 'அவன்'ங்குது. "அவன் காப்பில என்னமோ கலக்குறான், என்னைக் கொல்லப் பாக்குறான்"னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவா.

சித்தப்பாவுக்கு சிரிப்பு. "அண்ணே, நீ போடற காப்பிக்கு அந்த சந்தேகம் யாருக்கும் வரும். ஆனா அண்ணிக்கு முத்திடுச்சு."

சாயங்காலம், சேக்கறதுக்கு லெட்டர் வாங்கத்தான் டாக்டரம்மாகிட்ட போனோம். டாக்டரம்மா நம்ம அம்மாவோட கழுத்துத் தழும்பப் பாத்துட்டு, "தைராய்டு எடுத்தாச்சா? மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?"ன்னு கேட்டாங்க.

அப்பாவுக்குப் பெருமை. "ஒரு நாள் தவறினதில்ல மேடம். முழுங்க பயப்படுவா. அதான் அதையும் கால்சியம் மாத்திரையையும் பொடிச்சு நானே காப்பில கரைச்சுக் குடுத்துடறேன்."

டாக்டரம்மா எழுதறத நிறுத்திட்டாங்க. "காப்பியும் கால்சியமும் சேந்தா அந்த மாத்திரை உடம்புல சரியா சேராதுங்க. வெறும் வயித்துல, தண்ணில, தனியா போடணும். தைராய்டு ரொம்பக் குறைஞ்சாலும் இப்படியெல்லாம் பேசுவாங்க. முதல்ல ரத்தத்தப் பாப்போம். அதுவரைக்கும் எங்கயும் சேக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மா காலடில உக்காந்துட்டாரு. "நீ சொன்னது நெசந்தாம்மா. நாந்தான் கலந்தேன். விஷமில்ல, உன் மாத்திரைதான். எனக்குத் தெரியாமப் போச்சு."

அம்மா அவரை ஏற இறங்கப் பாத்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "கேட்டியாடி? ஒத்துக்கிட்டான்"னா.

"எரியற கொள்ளில எண்ணெய ஊத்திட்டியேண்ணே"ன்னு சித்தப்பா தலைல அடிச்சுக்கிட்டாரு. அப்பா ஃபோன எடுத்து, காலைல ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி வேணாம்னு மட்டும் சொன்னாரு.

இனிமே அந்த மாத்திரைய யாரு குடுக்கறதுக்கா? நான் தண்ணியும் மாத்திரையும் நீட்டிப் பாத்தேன். "நீயும் அவன் கூட்டா?"ன்னு தட்டி விட்டுட்டா. நாளைக்கும் அம்மா தட்டி விட்டுட்டான்னா சித்தப்பா திரும்ப வண்டிய வரச் சொல்லிடுவாரு. அப்பாவால அப்போ தடுக்க முடியாதுக்கா.

அம்மா உன்னை மட்டும்தான் இன்னும் திட்டல. பரீட்சை கிடக்கட்டும். முதல் பஸ்ஸப் புடிச்சு வந்துடேன்.