தூங்கினால் பிழைக்கலாம்

மட்டாஞ்சேரி வாசகசாலைச் செயலாளர் நாணுவுக்கும் எனக்கும் 1980 ஏப்ரலில் யுத்தம் மூண்டது. காரணம், அங்கே இருந்த ஒரே ஒரு ஃபேன். துறைமுக ஆபீசில் ஓய்வு பெற்ற நாள்முதல், மதியச் சாப்பாடு முடிந்ததும் அதன் கீழுள்ள பெஞ்சில்தான் தூங்குவேன். என் குறட்டைக்கு வெலிங்டன் தீவில் நின்ற கப்பல்கள் பதில் ஊதியதாகக் கேள்வி.

"சுவாமி, இது வாயனசாலையாணு, சத்திரமல்ல," என்றான் நாணு. "ஞாயிறாழ்ச்ச கமிட்டி உண்டு. அதோட சுவாமியின்டெ கட்டில் காலி."

என் வீட்டில் ஃபேன் கிடையாது. அந்தப் பெஞ்சு போனால் நான் உருகிக் காயலில் கலந்துவிடுவேன்.

கமிட்டிக்கு ஒரு விஞ்ஞானப் பத்திரிகையோடு போனேன். தலைவர் முகமது இஸ்மாயில், மிளகு வியாபாரி, "பறயூ சுவாமி" என்றார். மலையாளத்தில் ஒழுங்காகவே தொடங்கினேன். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய் அணையும், எங்கும் குளிர்ந்துவிடும். மிஞ்சும் சக்தி கொஞ்சம்தான். கொஞ்சம் யோசித்து, நெடுங்காலம் உறங்கி, மறுபடி கொஞ்சம் யோசித்தால், அறிவுள்ள உயிர் முடிவில்லாமல் வாழலாமாம். அந்தப் பயிற்சியைத்தான் நான் பெஞ்சில் செய்துவருகிறேன்.

"அறிவுள்ள உயிர்னல்லே எழுதியது?" என்றான் நாணு. "அதில் சுவாமிக்கு எந்தா காரியம்?"

கமிட்டியே சிரித்தது. கோபத்தில் எனக்குத் தமிழ் வந்துவிட்டது.

"இந்த ஃபேன் இருக்கற இடத்துலதாண்டா தூங்குவேன். நீ யாரு தடுக்கறதுக்கு? தூங்கினாத்தான் எனக்கு விமோசனம்."

சிரிப்பு நின்றது. இஸ்மாயிலின் முகம் வெளுத்தது. மலையாளத்தில் தூங்குவதென்றால் தொங்குவது.

முப்பது வருஷம் அங்கே குடியிருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். வாயிலிருந்து விழுந்ததைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஃபேனை ஒருமுறை அன்போடு அண்ணாந்து பார்த்தேன்.

"அவிவேகம் காட்டருது சுவாமி," என்று கெஞ்சினார் இஸ்மாயில். "பெஞ்சு சுவாமிக்குத்தன்னெ. நாணு, மினிட்ஸில் எழுதிக்கோ."

மறுநாள் வெற்றி வீரனாகப் போய்ப் படுத்து மேலே பார்த்தேன். ஃபேன் இல்லை. கொக்கியைக்கூட அறுத்து எடுத்திருந்தார்கள்.

"இனி தூங்கான் பற்றில்ல," என்றான் நாணு. தொங்க முடியாதாம். "சுவாமி உறங்கிக்கோ."

உறக்கம் எங்கே வரும்? ஆனால் அவன் மேஜையும் அதே ஃபேனின் கீழேதான் இருந்தது. பத்திரிகையால் விசிறிக்கொண்டு, அவன் சட்டை நனைவதைப் பார்த்தபடி மழைக்காலம் வரை கண்கொட்டாமல் படுத்திருந்தேன். பிரபஞ்சம் குளிரட்டும், எனக்கு அவசரமில்லை.