பூவம்மாவுக்கு எத்தனை கைகள்?

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒரு சந்தில் பொறுக்கினேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், முகமது யூசுப்பின் சாப்பாட்டுக்கடைக்குப் பின்னால், சாரத்தின் மேலே நின்ற ஒருவரும் கீழே நின்ற ஒரு பெண்ணும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையைக் கண்டால் என்னால் தாண்டிப் போக முடியாது. கையிலிருந்த பரோட்டா ஆறிப்போனது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், மாநகரத்தின் மௌனமான…’ மழையே பெய்யவில்லை. லிட்டில் இந்தியாவில் மௌனமாம்! அடித்துவிட்டேன்.

2

பூவம்மா பள்ளி உணவகத்தில் மீ கோரிங் நூடுல்ஸ் விற்றவர். புக்கிட் பாஞ்சாங்கில் தன் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஓடும் ஓடையையும் கரை மரங்களையும் காப்பாற்ற ஒன்பது வருஷம் கடிதம் எழுதினார், வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கினார். மரங்கள் இன்னும் நிற்கின்றன. வேலையில் அடிபட்ட ஊழியர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அவர்களுக்காக முதலாளிகளிடம் வாதாடியதும் அவர்தான். போன வருஷம் காலமானார்.

(ஒரே பெண்ணுக்கு இரண்டு போராட்டமா, நீங்கள் நம்புவீர்களா என்று பயந்து அவரை இரண்டு பாத்திரமாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டுமே உப்புச்சப்பில்லாமல் போயின. மறுபடி ஒட்டிவிட்டேன்.)

அவர் நினைவாகச் சிலை வைக்க யூசுப் தன் கடையின் பின்சுவரைக் கொடுத்தார். [அனுமதிப் படிவங்கள் பற்றி இங்கே ஒரு பக்கம் இருந்தது. உங்கள்மேல் இரக்கப்பட்டு நீக்கினேன்.] செய்ய வந்தவர் சின்னராசு. கோபுரங்களில் சாமி உருவங்கள் செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது பதினொரு நாள் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர் பூவம்மா.

3

சண்டைக்கு வருகிறேன். சின்னராசு பூவம்மாவுக்கு நான்கு கைகள் வைத்துவிட்டார். பச்சை மேனி. கைகளில் தாமரை, சூலம், கிளி. நான்காவது கை அருள்பாலித்தது. இருபது வருஷப் பழக்கதோஷம். அதற்குள் யாரோ வந்து தேங்காயும் உடைத்துவிட்டார்கள்.

கீழே நின்றது பூவம்மாவின் மகள் சுதா.

“அண்ணே, எங்கம்மாவ சாமியாக்கிட்டீங்க.”

“எனக்கு அவங்க சாமிதானேம்மா.”

“சாமின்னா கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க லா. அம்மா பாதியில விட்ட லெட்டர யாரு முடிக்கிறது? ரெண்டு கை மட்டும் வைங்கண்ணே, ப்ளீஸ். சண்டே ஓப்பனிங்.”

லாரியில் வேலைக்குப் போகும் ஊழியர்களுக்குப் பேருந்து கேட்கும் கடிதம் அது. பூவம்மாவோடு கையெழுத்துகளும் நின்றுபோயிருந்தன. அது குப்பைக்குப் போய்விடுமோ என்பதுதான் சுதாவின் பயம்.

சின்னராசு சிமெண்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ரெண்டு கைய வச்சிக்கிட்டா அவங்க இவ்வளவும் செஞ்சாங்க?”

சுதா சிரித்தாள், பிறகு அழுதாள். யூசுப்தான் தெளிவாக இருந்தார்.

“நாலு கையும் இருக்கட்டும்ப்பா. சும்மா இருக்கக் கூடாது, அவ்ளோதான். அந்தக்கா என்னிக்குச் சும்மா இருந்தாங்க?”

4

(இங்கே கதையைச் சோகமாக்க எனக்கு வழி இருந்தது. மனமுடைந்த சிற்பி சுத்தியலை எடுத்து… வேண்டாம். நடந்ததே சந்தோஷமாக இருக்கும்போது நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?)

பச்சை மேனி பூவம்மாவின் கறுப்பானது. காலுக்கு ரப்பர் செருப்பு வந்தது. சூலம் குடையானது, கிளி ஃபைலானது, தாமரை, பையில் கட்டி வாங்கும் கோப்பிப் பொட்டலமானது.* அருள்பாலிக்கும் கையில்தான் சிக்கல்.

“அம்மா யாரப் பாத்தாலும் பேனாவத்தான் நீட்டுவாங்க,” என்றாள் சுதா.

சின்னராசு விரல்களை மடக்கி, அதில் ஒரு நிஜப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார். கீழே பலகையில் அந்தக் கடிதம், கையெழுத்துக்கான தாளோடு.

*சீனி இல்லாத கோப்பி. சிமெண்டில் சீனி தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். எழுதியே ஆக வேண்டும் என்கிறாள் சுதா.

5

ஞாயிற்றுக்கிழமை சந்து கொள்ளவில்லை. அண்டைவீட்டார், விடுதிகளில் தங்கும் வெளிநாட்டு ஊழியர்கள், எல்லார் கையிலும் யூசுப் ஆற்றிக் கொடுத்த தே தாரிக் தேநீர். அப்போது பூக்கடைக் கமலம் ஆளுயர மாலையோடும் கற்பூரத்தோடும் வந்தார். செருப்பைக் கழற்றினார். சுதா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

கமலம் மாலை சாத்தினார். கற்பூரம் காட்டினார். கண்மூடிக் கும்பிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தவர் பேனாவைப் பார்த்தார்.

“ஏன் பூவம்மா, செத்தும் என்னை விடமாட்டியா?” என்று கையெழுத்துப் போட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி அதட்டினார்: “என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கும்பிட்டவங்கல்லாம் வரிசையில வாங்க!”

கூட்டம் சிரித்துக்கொண்டே வரிசையானது. சுதா என் கையை விட்டாள்.

6

முடிவு கேட்பீர்கள். (அ) கடிதம் போகிறது, பேருந்துகள் வருகின்றன. (ஆ) ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வருகிறது, சுதா அடுத்த கடிதத்தை… (இ)

எழுத மாட்டேன். நான் கிளம்பியபோது தாளில் இன்னும் இடம் இருந்தது. சந்து எங்கே என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். மை தீர்ந்திருந்தால் யூசுப்பிடம் கேளுங்கள், பேனா பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருக்கிறார்.