தொடர்பில் இல்லாதவர்

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, குமுதா தான் முன்பு குடியிருந்த பண்டமாரான் அடுக்குமாடிக்குக் கீழே பள்ளி வேனை நிறுத்தினாள். பழைய பக்கத்து வீட்டுக்காரர் திருச்செல்வம் அங்கிள் ஒரு உறையோடு படிக்கட்டருகே நின்றிருந்தார். "ரெஜிஸ்டர் லெட்டர்மா. வீடு காலின்னு போஸ்மேன் திருப்பி எடுத்துட்டுப் போகப் பாத்தான். ஆஸ்பத்திரி பேரு போட்டிருக்கே, முக்கியமா இருக்கும்னு நாந்தான் சைன் போட்டு வாங்கி வச்சேன்" என்றார். நன்றி சொல்லிவிட்டு அவள் வேனில் உட்கார்ந்தபடியே பிரித்தாள்.

பெட்டாலிங் ஜெயாவில் அவளுக்கு உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையின் கடிதம். அன்புள்ள புவான் குமுதா, அறுவை சிகிச்சைக்குப் பிந்திய பரிசோதனைகளுக்கு நீங்கள் ஆறு மாதங்களாக வரவில்லை. கீழ்க்கண்ட தேதிகளில் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் உங்களைத் தொடர்புகொள்ள இயலவில்லை. இனி உங்கள் பெயர் 'தொடர்பில் இல்லாதவர்' பட்டியலில் சேர்க்கப்படும்.

வேறு யாருக்கோ வந்த கடிதம் என்றுதான் முதலில் நினைத்தாள். போன சனிக்கிழமைகூட அங்கே போயிருந்தாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மூன்றாவது மாடியில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம். இரண்டு ஆண்டுகளில் அவள் ஒன்றைக்கூட விட்டதில்லை. புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நூத்திப் பதினெட்டு கிலோ இருந்தேன். வயிறு ஸ்டீரிங்ல இடிக்கும். இப்ப பாருங்க" என்று ஆரம்பிப்பாள். அந்தக் கூட்டத்தை நடத்தும் தாதி தாமரை, "அக்கா பேசினா டாக்டர் பேச வேண்டியதே இல்ல லா" என்று சிரிப்பாள்.

கடிதத்திலிருந்த இரண்டாவது தேதி மார்ச் பதினான்கு. அன்று வெள்ளிக்கிழமை. தாமான் செந்தோசா புது வீட்டில் குமுதா பால் காய்ச்சிய நாள். ரவாங்கிலிருந்து தாமரை லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அடுப்படியில் பொங்கல் பானையைக் கிண்டியதே அவள்தான். அந்த வீட்டு விலாசம் தெரிந்தவள். உறையைத் திருப்பிப் பார்த்தாள் குமுதா. பதிவுத் தபால் சீட்டில் பழைய விலாசம் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. 'க'வின் வாலை வளைத்து எழுதுவதுபோல ஆங்கில 'K'யின் காலையும் வளைத்து இழுக்கும் எழுத்து. தன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும், தாமரை எழுதித் தந்த உணவு அட்டவணையும் அதே கையெழுத்தில்தான் இருந்தது.

எட்டு மாதங்களுக்கு முன்பு குமுதாவுக்கு எடை திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. எழுபத்தொன்பதுவரை இறங்கியது, தொண்ணூறைத் தொட்டது. பள்ளி விடும்வரை வேனில் காத்திருக்கும் நேரங்களில் பிஸ்கட் பாக்கெட் காலியாவது அவளுக்கே தெரியாது. அதை அவள் தாமரையிடம் மட்டும்தான் சொன்னாள். எடை பார்க்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தாமரை அவளை அணைத்து முதுகைத் தடவி, "இது நெறைய பேருக்கு நடக்கும்க்கா. நாம பாத்துக்கலாம். வராம மட்டும் இருந்துடாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் எடையைத் தாமரைதான் குறித்தாள். எதில் குறித்தாள் என்று குமுதா கேட்டதில்லை.

அன்றே பெட்டாலிங் ஜெயாவுக்கு வேனை ஓட்டினாள். தாமரை உறையைக் கண்டதும் அவள் கையைப் பிடித்து அவசரப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனாள்.

"இது உங்க கைக்கு வந்திருக்கவே கூடாதுக்கா."

"அப்ப யார் கைக்கு வரணும்?"

"யாருக்கும் வரக்கூடாது. திரும்பி வரணும். அதை அத்தாட்சியா ஃபைல்ல வைக்கணும்." தாமரை குரலைத் தாழ்த்தினாள். "புதன்கிழமை ஆடிட் இருக்கு. தரச் சான்றிதழுக்கு. ரெண்டு வருஷம் முடிஞ்சவங்கள்ல எத்தனை பேருக்கு எடை நிலைச்சிருக்குன்னு கணக்குக் காட்டணும். பதினாறு பேருக்குத் திரும்ப ஏறிருச்சு. அவங்களையும் சேத்தா பாஸாக மாட்டோம். தேடியும் கெடைக்காதவங்களை மட்டும் கழிச்சுக்கலாம்."

"நான் கெடைக்காதவளா?"

"டாக்டர் லிஸ்ட்டைக் குடுத்தாருக்கா. நான் முடியாதுன்னுதான் சொன்னேன்."

"சொல்லிட்டு எழுதுன."

தாமரை கைப்பிடிக் கம்பி வழியே கீழே எட்டிப் பார்த்தாள். கீழே எங்கோ ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. "சான்றிதழ் கெடைச்சாதான் இந்த யூனிட்டே இருக்கும்க்கா. இல்லன்னா கூட்டமும் இல்ல, நானும் இல்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. வழக்கம்போல வாங்க. புதன்கிழமை மட்டும் வேணாம்."

அவள் கெட்டவள் இல்லை என்பதுதான் குமுதாவுக்கு இன்னும் வலித்தது. கெட்டவளாக இருந்தால் ஒரு அறை அறைந்துவிட்டுப் போயிருக்கலாம். பதினாறு பேர். ஒவ்வொருவராக முகம் நினைவுக்கு வந்தது. எல்லாரும் அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கீழே வரவேற்பறையில் ராஜினி உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்குப் புதியவள், இருபத்தொன்பது வயது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை, அதற்கான ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தாள். பயந்தவளை இழுத்துப் பிடித்து ஒப்புக்கொள்ள வைத்ததே குமுதாதான். "அக்கா, போஸ்டர் பாத்தீங்களா? பத்துல ஒம்பது பேருக்குத் திரும்ப ஏறவே ஏறாதாம்" என்றாள் ராஜினி. "உங்களைப் பாத்தாலே தைரியமா இருக்கு." குமுதா தன் பாஜு சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். நேரமாகிவிட்டது, பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நெடுஞ்சாலையில் கிள்ளான் வரும்வரை அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் வந்த பதிலையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் ராஜினிக்குப் போன் செய்தாள். "எனக்குப் பதினாலு கிலோ திரும்ப ஏறிருச்சும்மா" என்றாள். "செய்யாதேன்னு சொல்லல. கால்வலி போச்சு, சீனி வியாதி கொறஞ்சுது, அது நெசம். இதுவும் நெசம். தெரிஞ்சு செய்." ராஜினி, "ஏன்க்கா இவ்வளவு நாளா சொல்லல?" என்றாள்.

புதன்கிழமை காலைச் சுற்று முடிந்ததும் மூன்றாவது மாடிக்குப் போனாள். தாழ்வாரத்தில் புதிதாகப் பூச்சட்டிகள் வைத்திருந்தார்கள். கூட்டம் நடக்கும் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆங்கிலத்தில் பேச்சுக் குரல். எடை பார்க்கும் இயந்திரத்தை அறையிலிருந்து எடுத்துத் தாழ்வாரச் சுவரோரம் போட்டிருந்தார்கள். ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக வந்த தாமரை அவளைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, ப்ளீஸ்."

குமுதா செருப்பைக் கழற்றினாள். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு இயந்திரத்தில் ஏறினாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு.

"எழுது."

"இப்ப எங்கக்கா எழுத முடியும்? ஷீட் எல்லாம் உள்ள இருக்கு."

"எங்கயாச்சும் எழுது தாமரை. நான் வந்தேன்னு எழுது."

சத்தம் போடப்போகிறாள் என்று தாமரை பயந்திருக்க வேண்டும். குமுதாவுக்குச் சத்தம் போடும் எண்ணமே இல்லை. வெறுங்காலோடு இயந்திரத்தின் மேலேயே நின்றாள். தாமரை அவள் முகத்தையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாள் எதுவும் இல்லை. இடது உள்ளங்கையை விரித்து அதில் தேதியை எழுதினாள். அதன் கீழே 93.4 என்று எழுதினாள். உள்ளங்கை மடிப்பில் நான்கு கோணலாக விழுந்தது.

அறைக் கதவு திறந்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய, ஆடிட்டுக்கு வந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மாள், கையில் குறிப்பேட்டோடு, "சிஸ்டர், அந்த ஃபைல் வந்துருச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இயந்திரத்தின் மேல் நிற்கும் குமுதாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். தாமரை கையை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாசல் நிலையோரம் கைகளைச் சுத்தப்படுத்தும் திரவப் பெட்டி சுவரில் மாட்டியிருந்தது. உள்ளே நுழைகிற எல்லாரும் கை நீட்டித் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். அதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளவே அந்த அம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றார்.

ஒரு கையில் ஃபைலோடு, எண் எழுதியிருந்த மறு கையை இறுக மூடியபடி, தாமரை அந்தப் பெட்டியின் முன்னால் நின்றாள். பெட்டிக்கு அடியில் சின்னப் பச்சை விளக்கு, கீழே ஒரு கை வருவதற்காக விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.