ஃபிராங்க்ளின் சொல்லவிருந்த சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபிராங்க்ளின் தன் மனைவி குளோரியாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். அவர் ஆடுகோடிப் பகுதியில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். எந்த இன்ஜினையும் பிரித்துப் பூட்டும் கை, மூன்று பிரியாகப் பிரித்த கூந்தலில் தடுமாறியது. குளோரியாவால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தோள், முதுகு, இடுப்பு என்று எங்கே தொட்டாலும் வலி. எவ்வளவு தூங்கினாலும் தீராத சோர்வு. இரண்டு வருடமாக இதே பாடுதான்.

"மெதுவா இழுங்க. இது கிளட்ச் கேபிள் இல்ல."

"ஆடாம இரு, நட்டு லூசாயிடும்."

சிரித்துக்கொண்டே அவர் சந்தோஷச் செய்தியைச் சொன்னார். இன்று சபையில் எழுந்து சாட்சி சொல்லப் போகிறாராம், பாஸ்டரிடமும் சொல்லியாயிற்றாம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டதே, எல்லார் முன்பும் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டாமா?

குளோரியாவின் முகம் வாடியது. இதன் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா, ஸ்கேனில் தெரியாது, ஆனால் வலி நிஜம் என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார். ஃபிராங்க்ளின் காதில் 'நார்மல்' மட்டும்தான் விழுந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது; புற்றுநோயாக இருக்குமோ என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாத மனிதர்.

"சரியாயிடுச்சுன்னு நீங்க சொல்லிட்டா, நாளைக்கு வலிக்குதுன்னு நான் யார்கிட்ட சொல்றது? ஆண்டவரையே பொய்யாக்குறாம்பாங்க."

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையே என்று முணுமுணுத்தார் அவர்.

"வண்டில சத்தம் வருதுன்னு கஸ்டமர் சொன்னா ஓட்டிப் பாக்குறீங்க. நான் சொன்னா பேப்பரைப் பாக்குறீங்க. போன வருஷம் உங்களுக்கு முதுகு புடிச்சப்போ எவன் ரிப்போர்ட் கேட்டான்? மூணு வீட்லேர்ந்து சூப் வந்துச்சு. நான் படுத்தா, வேலைக்கு டிமிக்கி குடுக்குறாங்கறாங்க. நீங்களும் ஒருநாள் சொன்னீங்க."

சொல்லியிருந்தார். சடையின் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றினார்.

சபையில் பாஸ்டர் பேர் சொல்லி அழைத்தார். ஃபிராங்க்ளின் மைக்கை வாங்கிக்கொண்டு திரும்பினார். பெண்கள் பக்கம் குளோரியா தலை குனிந்திருந்தாள்.

"என் பொண்டாட்டிக்கு சரியாகல," என்றார். "ஸ்கேன்ல தெரியாத வியாதி. ரெண்டு வருஷமா சொன்னா. பொம்பளைங்கன்னா இப்படித்தான் பொலம்புவாங்கன்னு இருந்துட்டேன். நன்றி சொல்லத்தான் பேர் குடுத்தேன். இப்போ மன்னிப்பு கேக்கறேன். மிச்சத்தை அவளே சொல்லட்டும், இது அவ உடம்பு."

நடந்து போய் மைக்கை அவளிடம் நீட்டினார். பதினெட்டு வருடத்தில் அந்தச் சபையில் ஒரு வார்த்தை பேசாதவள், உட்கார்ந்தபடியே பேசினாள்.

"மருந்து டாக்டர் குடுக்கறாங்க. நம்பறதுக்கு வீட்லதான் ஆள் வேணும். ஆம்பளைக்கு வலின்னா ரெஸ்ட் எடுங்கறோம், பொம்பளைக்கு வலின்னா சாட்சி கேக்கறோம். உங்க வீட்ல அம்மாவோ மருமகளோ வலிக்குதுன்னா, ஸ்கேன் சொல்றவரைக்கும் காத்திருக்காதீங்க. அவ சொல்றதே போதும்."