மீன் டீச்சரின் கடல்

"படகுக்கு அடியில பூரா கண்ணாடி மாப்பிள்ளை. கால எங்க வைக்கறதுன்னே தெரியாது. நம்ம பாதத்துக்குக் கீழ மீன் போகும். மஞ்சள்ல கறுப்புக் கோடு போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளைங்க மாதிரி வரிசையா!"

சொல்லிக்கொண்டே ஃபேன்காரரின் மனைவி மருமகனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவன் போதுமென்று தட்டின் மேல் கையை விரித்தான். விரலிடுக்கு வழியாகவே வைத்துவிட்டாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத ஜோடி. மறுநாள் தீவுகளுக்குத் தேனிலவு கிளம்புகிறார்கள். அம்மாவும் அப்பாவும் போன அதே தீவுகள்தான் வேண்டுமென்று மகள் பிடிவாதம் பிடித்திருந்தாள்.

ஃபேன்காரர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பழுதான மின்விசிறிகளுக்குச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை அவருடையது. அவருக்கு வேறு பெயர் இருப்பதே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் மனைவிக்கும் அப்படித்தான். சின்னக் குழந்தைகளின் பள்ளியில் அவள் ஆசிரியை. அழுகிற பிள்ளை எதுவானாலும் மடியில் இருத்திக்கொண்டு அந்தக் கண்ணாடிப் படகின் கதையை ஆரம்பிப்பாள். இரண்டாவது மீன் வருவதற்குள் அழுகை நின்றுவிடும். இன்று மீசை வைத்துக்கொண்டு திரிகிறவர்கள்கூட வழியில் பார்த்தால், "மீன் டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

"அத்தை ரொம்பப் பயந்தாங்களா மாமா?" என்று மருமகன் அவர் பக்கம் திரும்பினான். "பக்கத்துல நீங்கதானே உக்காந்திருப்பீங்க!"

வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கடவுள் நேரில் வந்து கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பார். புது மருமகன் கேட்டதற்குச் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம்" என்றார். "கொஞ்சம் பயந்தா."

அந்த ஒரு சொல் அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது. இத்தனை வருஷமும் அவள்தான் பொய் சொன்னாள். அவர் சும்மா இருந்தார். இன்றைக்கு அவரும் சேர்ந்துகொண்டார்.

உண்மையில் அந்தப் படகில் அவள் ஏறவே இல்லை.

படகுத்துறைக்குப் போனபோது ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. சாயங்காலம் இன்னொரு படகு இருக்கிறது என்றான் படகுக்காரன். விடுதியில் பழக்கமான இரண்டு ஜோடிகள் முன்பே ஏறி உட்கார்ந்து, "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது இளரத்தம். யோசிக்கக்கூட இல்லை. கல்யாணத்துக்கு வாங்கிய புது ஷூவைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க, இதோ வந்துடறேன்" என்று தாவி ஏறிவிட்டார். திரும்பி வந்தபோது வெயிலில் அவள் மூக்கு பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது. துறையில் இருந்த கையகல நிழலில் அவருடைய ஷூவை வைத்துவிட்டு, அவள் வெயிலில் நின்றிருந்தாள். காற்று பலத்ததால் சாயங்காலப் படகு விடவில்லை. இரவுச் சாப்பாட்டில் அந்த மூக்கைக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்ததும் அவர்தான். பிறகு அறைக்கு வந்து, தான் பார்த்த மீன்களை ஒவ்வொன்றாக வர்ணித்தார். அவள் "ம்", "அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் ஃபேன்காரர் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒருநாளும் இல்லாத அதிசயமாக அவர் தட்டோடு வருவதைப் பார்த்து, "மழை வரப்போவுது" என்றாள் மனைவி.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடவா? நெஞ்சு அறுக்குது."

"எத?"

"நீ படகுல ஏறாதத."

அவள் குழாயை மூடினாள். கூடத்தில் சின்னவர்கள் பெட்டிக்குள் எதை வைப்பது என்று செல்லச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏறலன்னா ஏன்னு கேப்பாங்க. அன்னிக்கு எங்கம்மா முதல்ல கேட்டாங்க. கட்டிக்கிட்டுப் போனவர யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதேன்னு, நானும் பாத்தேன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதுவே பழகிடுச்சு. இப்ப நீங்க போய் உண்மையச் சொன்னா உங்க நெஞ்சு லேசாயிடும். நான் நாளைக்கு எந்த மூஞ்சியோட பிள்ளைங்க முன்னாடி நிக்கறது?"

அவருக்கு அது தோன்றவே இல்லை. வெட்கம் இன்னும் ஒரு சுற்று இறுகியது. உண்மையைச் சொல்வதில்கூட முதலில் தாவி ஏறப்பார்த்தது அவர்தான்.

"மீனையெல்லாம் பாக்க முடியலன்னு வருத்தமா?"

"மீனா? அட போங்க. தண்ணியப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்கும். நீங்க சொன்னதுலயே நல்லாத்தான் பாத்தேன்." அவள் ஒரு தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த தட்டு. "படகு கிளம்பினதும் திரும்பிப் பாப்பீங்கன்னு கையத் தூக்கி வச்சிருந்தேன். அவ்ளோதான்."

அவர் கையிலிருந்த தட்டுகளை மேடைமேல் வைத்தார்.

"ரொம்ப நேரம் வச்சிருந்தேன் போல. பக்கத்துல பழம் வித்த அம்மா வந்து என் கையப் பிடிச்சு மெதுவா இறக்கிவிட்டாங்க. என்னமோ சொன்னாங்க, பாஷை புரியல. ஒரு துண்டு பழம் குடுத்தாங்க. அவங்க நல்லா இருக்கணும்னு இன்னிக்கும் சாமி கும்பிடறப்ப ஒரு வார்த்தை வேண்டிக்கறேன்."

தினமும் விடிகாலையில் அவள் பக்கத்தில் நின்றுதான் அவரும் கும்பிடுகிறார். யாரோ ஒரு பழக்காரிக்காக அவள் உதடு அசைந்தது அவருக்குத் தெரியாது.

வெயில் தாழ்ந்ததும் மகளும் மருமகனும் பெட்டியோடு தங்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசல்வரை போய் அவர் மருமகனின் தோளைத் தொட்டார். "மாப்பிள்ளை, படகுல ஒருத்தருக்குத்தான் இடம் இருக்குன்னா ஏறாதீங்க."

"அதெல்லாம் ஃபோன்லயே ரெண்டு பேருக்கும் சேத்து டிக்கெட் போட்டாச்சு மாமா" என்று அவன் சிரித்தான். பக்கத்தில் நின்ற ஃபேன்காரரின் மனைவி அவர் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போலச் சாப்பாட்டுப் பையோடு கடைக்குக் கிளம்பினார். படி இறங்கும்போதுதான் உறைத்தது. இந்தத் தெருவில் இத்தனை வருஷமாக நடக்கிறார். முனைவரை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கடைச் சாவி, நேற்று பாதியில் விட்ட மோட்டார், இன்று வரவேண்டிய கம்பிச்சுருள், இவைதான் தலைக்குள் ஓடும். மேலே ஜன்னலில் அவள் நிற்பாளா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. நின்றிருப்பாள் என்று நினைத்தாலும் வலித்தது. நிற்பதை எப்போதோ விட்டிருப்பாள் என்று நினைத்தாலும் வலித்தது.

முனைக்கு வந்ததும் நின்று திரும்பினார்.

ஜன்னல் திறந்திருந்தது. திரைச்சீலை மட்டும் காற்றில் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. அவர் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையைத் தூக்கினார். வாடகைக் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"எங்க சார் போகணும்?"

"உங்கள இல்ல தம்பி, போங்க."

கார்க்காரன் அவர் பார்த்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். தோள் கடுக்க ஆரம்பித்தது. அவர் கையை இறக்கவில்லை.