முன்மாதிரிப் பசுவின் வாய்க்கூடு

அவளுடைய கணவனுக்கு, தீவன அதிகாரி வாயைத் திறந்தால் போதும், தலை தானாக ஆடும். தங்கள் நிலத்துத் தீவனச் சோளம் பூத்ததும் வெட்டி உலர்த்தி வைக்கலாமா என்று கேட்கப் போனவன், "மேலிடத்துப் பெரியவங்க பார்வையிட வர்றாங்க, அதுவரைக்கும் தொடக்கூடாது" என்றதும் "சரிங்க" என்று திரும்பி வந்தான். ஊரே அவனைச் 'சரிங்க' என்றுதான் கூப்பிடுகிறது.

பெரியவர்கள் வரவில்லை. மழையும் வரவில்லை, அதற்கும் யாராவது தேதி தள்ளிப்போட்டிருப்பார்கள். 'முன்மாதிரித் தீவனத் தோட்டம்' என்ற பலகை மட்டும் நிமிர்ந்து நிற்க, சோளம் சருகானது. வெட்டிய காய்ந்த தட்டையைப் பசு ஒரே மாதத்தில் மென்று முடித்தது. பிறகு விழுந்த ஒரு தூறலுக்கு வெட்டிய கட்டைகள் சாண் உயரம் துளிர்த்தன. பச்சைப் பசேல் என்றிருந்ததைப் பார்த்து அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பெரியவர்கள் வருகிறார்களாம். படம் எடுக்கச் சினைப்பசுவை உள்ளே மேயவிட வேண்டுமாம்.

அவளுக்குத் தெரியும், வறட்சியில் துளிர்க்கும் சோளக் குருத்து மாட்டுக்கு விஷம். போன வருஷம் பக்கத்துக் காட்டு எருது நாலு வாய் தின்றுவிட்டு நின்ற இடத்திலேயே சாய்ந்தது. இவர்களுக்கு இருப்பதே இந்த ஒரு மாடு, அதுவும் எட்டு மாதச் சினை.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். ரெண்டு வாய்தானே, ஒண்ணும் ஆகாதுன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

என்ன சொல்லியிருப்பான் என்று தெரியாதா?

காலையில் அவளே பசுவின் வாயில் கயிற்று வாய்க்கூட்டை மாட்டி முடிச்சுப் போட்டாள். களத்தில் போரடிக்கும்போது மாடு கதிரைத் தின்னாமலிருக்க மாட்டுவது அது.

பெரியவர்கள் செருப்பில் மண் படாமல் வரப்பில் வந்து நின்றார்கள். பச்சையைக் கண்ட பசு இழுத்த இழுப்பில் 'சரிங்க' தடுமாறினான்.

"என்னய்யா இது, மானத்தை வாங்குற? அவுத்து விடு அதை!" என்று அதிகாரி பல்லைக் கடித்தார்.

அவன் கை முடிச்சுக்குப் போனது. அவளுக்கு இந்த மனுஷனை நம்பிக் குடும்பம் நடத்தினோமே என்று நெஞ்சு எரிந்தது. அவனோ அதன்மேல் இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினான்.

"முடியாதுங்க."

அவன் குரல்தானா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். மரியாதையை மட்டும் விடவில்லை, பாவம்.

பெரியவர்களுக்கு வேறெங்கோ சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அப்படியே படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

கன்று பிறந்ததைப் பதியப் போனபோது அலுவலகச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. பச்சைக்கு நடுவே வாய் கட்டிய பசு, மேலே 'தீவனத் தன்னிறைவு' என்ற எழுத்து. அதிகாரி பெருமையாகக் காட்டினார். அவள் கிட்டே போய் வாய்க்கூட்டை மட்டும் பார்த்தாள். இரண்டு முடிச்சும் தெளிவாகத் தெரிந்தன.