பின்குரல்

சஞ்சீவின் பாட்டு மறுபடியும் வெளியாகியிருக்கிறது. ஐந்தாவது தடவை. பாழாய்ப்போனவனுக்கு இருப்பதே அந்த ஒரு பாட்டுதான். அதற்கே புதுச் சட்டை மாட்டி மாட்டித் தெருவில் விடுகிறான்.

அவனும் என் தம்பி ஹேமநாதனும் ஒரே தோட்டம். கோலா கிளாவாங் பக்கம், செம்பனைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீடு. இரண்டு பேரும் சேர்ந்து ராக் குழு வைத்திருந்தார்கள். சஞ்சீவ் பாடுவான், பாடுவான் என்ன, கத்துவான். தம்பி கித்தார் வாசிப்பான். ஒரு பாட்டிலும் ஹேமா வாய் திறந்தது கிடையாது. பிறகு சஞ்சீவுக்குத் தனியாகப் பெரிய ஆளாக வேண்டும் என்று ஆசை வந்தது. ராக்கை விட்டுவிட்டு ஒரு காதல் பாட்டைத் தனியாகப் பாடினான். பதிவுக்குத் துணையாக ஹேமாவைக் கூட்டிக்கொண்டு போனான். 'வந்துட்டேன்' என்று சஞ்சீவ் இழுத்து நிறுத்தும் இடத்தில், ஹேமா விளையாட்டாகப் பின்னாலிருந்து ஒரு குரல் விட்டான். "யம்மோவ்." வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிளை லயத்து முனையில் திருப்பும் இடத்தில் தினமும் அவன் விடும் குரல் அது. அம்மா அடுப்படியிலிருந்தே "வாய்யா" என்பாள்.

பாட்டு போனில் வந்த அடுத்த மாதம், மலைப்பாதை வளைவில் லோரி மோதி ஹேமா போய்விட்டான். அவன் போனும் நொறுங்கிப்போனது. அவன் குரல் என்று எங்களுக்கு மிஞ்சியது அந்த 'யம்மோவ்' மட்டும்தான்.

அம்மா முத்தாயி தினமும் காலையில் உலை வைத்ததும் "போடு" என்பாள். போடுவேன். அந்த இடம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "வாய்யா" என்பாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு வேலை ஓடும்.

ரேடியோவுக்கு என்று இரண்டாவது தடவை வெளியிட்டபோது பாட்டைச் சுருக்கினார்கள். மூன்று இடத்தில் வந்த குரல் ஒரே இடத்தில் வந்தது. டிவி நாடகத்துக்குப் போன மூன்றாவதில் வயலினைக் கொட்டி அதையும் மூடினார்கள். 'பின்குரல்: ஹேமநாதன்' என்ற வரியும் காணாமல் போனது. பெயர் போனால் போகிறது, பழையதுதான் நெட்டில் இருக்கிறதே, போனில் தட்டினால் வருகிறதே என்று சும்மா இருந்துவிட்டேன். எதற்கும் ஒரு பிரதி கொடுடா என்று சஞ்சீவிடம் கேட்டு வைத்தேன்.

"அது எங்கலா ஓடப் போவுது? அனுப்புறேன்க்கா," என்றான். வருஷக்கணக்காக அதையேதான் சொன்னான்.

போன மாதம் லோபாக்கில் ஒரு மண்டபத்தில் பத்தாம் ஆண்டு வெளியீடு. பாட்டைப் புதிதாகவே பதிந்துவிட்டானாம். "ஹேமாவுக்காக அம்மாவ மேடையில வச்சு மரியாத பண்ணணும்க்கா," என்று கெஞ்சினான். அம்மா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பொன்னாடை போர்த்தி ஒரு மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். புது இசை ஓட, பக்கத்தில் நின்று சஞ்சீவ் பாடினான்.

'வந்துட்டேன்' வந்தது. அம்மா காதைச் சாய்த்தாள். மெஷின் கொட்டு மட்டும்தான் கேட்டது. அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை, எதுவும் கேட்காமலே அம்மா "வாய்யா" என்று கூப்பிட்டாள். மைக்கில் அவள் குரல் உடைந்து வந்தது. கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. சஞ்சீவை வாழ்த்துகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் அவனைப் பிடித்தேன்.

"என் தம்பி கொரல் எங்கடா?"

"காதல் பாட்டுல எதுக்கு அம்மான்னு கம்பெனில கேட்டாங்கக்கா. எஸ்டேட் சத்தமா இருக்காம். வெளியூர்ல எடுபடாதுலா."

"பழைய பாட்டு?"

"எல்லாத்தயும் நெட்டுலேர்ந்து எடுத்துட்டாங்க. புதுசு மட்டும்தான் இருக்கணுமாம்."

"ஒங்கிட்டயாவது இருக்கா?"

"பழைய கம்ப்யூட்டரோட போச்சுக்கா. சோரிலா."

சோரியாம். அங்கேயே நின்று போனில் தேடினேன். ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலையில் அம்மா உலை வைத்தாள். "போடு" என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை.

நேற்று வந்திருப்பது மேடைப் பதிப்பு. லோபாக்கில் பதிந்தது. 'வந்துட்டேன்' என்று அவன் இழுத்து நிறுத்துகிறான். யாரும் கூப்பிடாத இடத்தில் அம்மா "வாய்யா" என்கிறாள். அப்புறம் கைதட்டல். அந்த இடத்தை மட்டும் வெட்டி வெட்டி ஆளாளுக்கு அனுப்பிக்கொள்கிறார்கள். கீழே பெயர்களைப் பார்த்தேன். புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறான்.

பின்குரல்: முத்தாயி.